மூச்சின் வரலாறு – 7: முதலில் தவிக்கும் செல்

1875 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் லா வில்லெட் பகுதியிலிருந்து 'ஸெனித்' என்ற பலூன் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. உயிரோடு தரைக்குத் திரும்பியவர் காஸ்தோன் திஸாந்தியே ஒருவர்தான். சிவெல், குரோசே-ஸ்பினெல்லி இருவரும் கூடைக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். பலூன் 8,000 மீட்டரைத் தாண்டியிருந்தது. பால் பேர் தன் இரும்பு அறைக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து நடத்திய சோதனைகளைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். இறந்த இருவரும் அதே அறைக்குள் உட்கார்ந்து பழகியவர்கள். உயரத்தில் என்ன நேரும் என்று தெரிந்தே ஆக்சிஜன் பைகளை எடுத்துச் சென்றவர்கள். குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. பிழைத்துவந்த திஸாந்தியே எழுதிய விவரம் இன்றைக்கும் படிப்பவரைக் கலங்கவைக்கிறது. வலி இல்லை, திணறல் இல்லை, உள்ளே ஒருவித மகிழ்ச்சி பரவியது, ஆபத்து என்ற நினைப்பே எழவில்லை என்கிறார் அவர். 8,000 மீட்டரைத் தொட்டுவிட்டோம் என்று கத்த நினைத்தார்; நாக்கு அசையவில்லை. குழாயை எடுக்க நினைத்தபோது கை எழவில்லை.

இந்தச் சாவுகளிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் கெடும் உறுப்பு மூளை. அப்படியானால் குறைவைக் கண்டுபிடித்து மூச்சை வேகப்படுத்தும் பொறுப்பை உடல் மூளையிடமே விட்டிருக்க முடியுமா? குறைவால் பாதிக்கப்படுவது ஒன்று, குறைவை அறிவிப்பது வேறொன்று. பாதிக்கப்பட்ட செல் ஓய்ந்துபோகும். அறிவிக்கும் செல்லோ அந்த நேரத்தில்தான் கூடுதலாக வேலை செய்தாக வேண்டும். இந்த முரணை உடல் எப்படித் தீர்த்துக்கொண்டது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள். மற்ற செல்கள் எல்லாம் நன்றாக இருக்கும்போதே தவிக்கத் தொடங்கும் ஒரு செல்லை உடல் தனியே வைத்திருக்கிறது, அந்தத் தவிப்பே செய்தி ஆகிறது என்பது என் வாதம். நூறாண்டுச் சான்றுகள் இந்த முடிவை நோக்கித்தான் நகர்ந்திருக்கின்றன, இடையில் பலமுறை வழி மாறியிருந்தாலும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்களின் கவனம் முழுக்க கார்பன் டை ஆக்சைடின் மீது இருந்தது. அதற்குக் காரணம் வலுவானது. 1905-இல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் நுரையீரலின் நுண்ணறைக் காற்றை அளந்து பார்த்தார்கள். அதில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.2 சதவீதம் கூடினாலே மூச்சின் அளவு இரட்டிப்பாகிறது. ஆக்சிஜனை அதே அளவு குறைத்தால் எதுவுமே நடப்பதில்லை. ஆகவே சாதாரண வாழ்க்கையில் மூச்சை நடத்துவது கார்பன் டை ஆக்சைடு, அதை உணர்வது மூளையின் முகுளம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அது இன்றும் செல்லுபடியாகும் முடிவு. ஆனால் மலையேறுபவரின் மூச்சு வேகமாவது ஏன்? அவர் உடலில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துதானே இருக்கிறது? ஆக்சிஜன் போதாமல் தசையிலும் மூளையிலும் லாக்டிக் அமிலம் சேர்கிறது, அந்த அமிலம் முகுளத்தைத் தூண்டுகிறது என்று விடை சொல்லப்பட்டது. ஆக்சிஜனை நேரடியாக உணரும் உறுப்பு ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணம் இந்த விடையால் கால் நூற்றாண்டு தள்ளிப்போனது. நல்ல கண்டுபிடிப்பு ஒன்று அடுத்த கேள்வியை மறைத்துவிட்ட இடங்களில் இதுவும் ஒன்று என்று கருதுகிறேன்.

அந்த உறுப்பு அப்போதே நூலில் ஏறியிருந்தது. கழுத்தில் தாடைக் கோணத்துக்குக் கீழே விரலை வைத்தால் நாடி துடிக்கும். அந்தக் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில், பக்கத்துக்கு ஒன்றாக, ஓர் அரிசி மணி அளவில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1743-இல் கோட்டிங்கன் நகரில் ஹால்லரின் மாணவர் டௌபே அதைக் குறித்துவைத்தார். 1862-இல் லுஷ்கா அதைச் சுரப்பி என்றார். பிராகில் ஆல்ஃபிரட் கோன் அதை அட்ரினலின் உட்பகுதியோடு உறவுள்ள திசுவாக வகைப்படுத்தினார். எல்லோரும் அது ரத்தத்துக்குள் எதையோ ஊற்றுகிறது என்ற கோணத்திலேயே பார்த்தார்கள். ரத்தத்திலிருந்து எதையோ எடுத்துச் சோதிக்கிறது என்ற எதிர்க் கோணம் யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியவர் மாட்ரிட்டில் ரமோன் இ கஹாலின் ஆய்வகத்தில் பயின்ற ஃபெர்னாண்டோ டி காஸ்ட்ரோ. வெள்ளி உப்பில் தோய்த்த மெல்லிய திசுச் சீவல்களை நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு நரம்பிழையும் எங்கே போய் முடிகிறது என்று தொடர்ந்து பார்த்தவர் அவர். இந்தச் சிற்றுறுப்பில் அவர் கண்ட அமைப்பு விசித்திரமானது. மிக அகன்ற நுண்குழாய்களில் ரத்தம் நிரம்பி நிற்க, அவற்றையொட்டி உருண்டையான செல்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஒவ்வொரு கொத்தையும் நரம்பு முனைகள் கவ்விப் பிடித்திருந்தன. அந்த நரம்புகள் மூளையிலிருந்து ஆணை கொண்டுவருகின்றனவா, மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றனவா? சுரப்பி என்றால் முதலாவது, உணர்வுறுப்பு என்றால் இரண்டாவது. டி காஸ்ட்ரோ விலங்குகளில் ஒன்பதாம் மூளை நரம்பை மண்டையோட்டுக்குள்ளேயே, அதன் உணர்வு முடிச்சுக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவே வெட்டினார். ஆணை கொண்டுவரும் இழைகளின் செல்கள் மூளைத்தண்டில் இருப்பவை. அவற்றிலிருந்து துண்டிக்கப்பட்ட இழைகள் சில நாட்களில் அழிந்துவிடும். செய்தி கொண்டுபோகும் இழைகளின் செல்கள் முடிச்சில் இருப்பதால் அவை பிழைக்கும். காத்திருந்து, திசுவை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தார். சிற்றுறுப்பில் நரம்பு முனைகள் அப்படியே இருந்தன. 1928-இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த உறுப்பு ரத்தத்தின் வேதித் தன்மையில் ஏற்படும் மாற்றங்களை உணர்கிறது என்று அவர் முன்வைத்தார்.

இதை நிரூபணம் என்று சொல்ல முடியாது என்ற மறுப்பு அப்போதும் இருந்தது, இப்போதும் அது நியாயமானதே. நரம்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று அமைப்பு சொல்லும்; அதில் ஓடும் செய்தி என்ன என்று சொல்லாது. அந்தப் பாதியை முடித்தவர்கள் பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த தந்தையும் மகனும்: ஜான்-ஃபிரான்சுவா ஹேமன்ஸ், கோர்னே ஹேமன்ஸ். மயக்கப்பட்ட ஒரு நாயின் தலையை உடலோடு வேகஸ் நரம்புகள் மட்டுமே இணைக்கும்படி விட்டு, அந்தத் தலைக்கு இன்னொரு நாயின் ரத்தத்தைச் செலுத்தினார்கள். உடலுக்குச் செயற்கைச் சுவாசம். அப்போது உடலின் ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைத்தால் தலை என்ன செய்யும்? தலைக்குள் ஓடும் ரத்தமோ வேறு நாயின் நல்ல ரத்தம். ஆனாலும் குரல்வளை மூச்சிழுக்கும் அசைவுகளை வேகப்படுத்தியது. வேகஸை வெட்டியதும் அந்த வேகம் நின்றது. ஆக, மகாதமனி வளைவில் இருக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தைச் சோதித்து நரம்பு வழியே மூளைக்குச் சொல்கிறது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோர்னே ஹேமன்ஸும் கூட்டாளிகளும் கரோட்டிட் கவட்டைத் தனிமைப்படுத்தி இதே வாதத்தை அங்கே இன்னும் கூர்மையாக நிறுவினார்கள். 1938-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு, 1939-இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. தந்தை 1932-இலேயே காலமாகியிருந்தார். டி காஸ்ட்ரோவின் ஆய்வை ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முறித்துப் போட்டிருந்தது. பரிசு ஹேமன்ஸுக்குத் தகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பரிசில் இடமில்லாமல் போன டி காஸ்ட்ரோவின் பெயரைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது அநீதி. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நுண்ணோக்கி சொன்ன பிறகுதான், எந்த நரம்பை வெட்டிப் பார்ப்பது என்று கரோட்டிட் கவட்டில் கத்தி வைத்தவர்களுக்குத் தெளிவானது.

நாய்க்குப் பொருந்துவது மனிதனுக்குப் பொருந்துமா, மனித மூளை தானே ஆக்சிஜனை உணரக் கூடாதா என்று கேட்கலாம். இதற்கு விடை யாரும் திட்டமிடாத ஓர் இடத்திலிருந்து வந்தது. ஜப்பானிய அறுவை மருத்துவர் கோமே நாகாயாமா ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் நோக்கில் கரோட்டிட் சிற்றுறுப்பை வெட்டி எடுத்து வந்தார். 1961-இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் நோயாளிகளின் எண்ணிக்கை 3,914. அந்தச் சிகிச்சையின் பலனைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஓர் உணர்வுறுப்பை வீணாக இழந்தார்கள் என்பது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய உண்மை. இரு பக்கமும் அகற்றப்பட்ட சிலரை 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் வாசர்மனும் விப்பும் சோதித்தார்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அவர்களின் மூச்சு ஏறத்தாழ இயல்பாகவே இருந்தது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூச்சு வேகமானது. ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்தாலோ எதுவும் நடக்கவில்லை. மூச்சை அடக்கச் சொன்னால் மற்றவர்களைவிட நெடுநேரம் அடக்கினார்கள். மூளையிடம் சுயமான ஆக்சிஜன் உணர்வு இருந்திருந்தால் அது வெளிப்பட வேண்டிய இடம் இதுதான். மூளைத்தண்டிலுள்ள நட்சத்திர வடிவத் துணைச் செல்கள் ஆக்சிஜன் குறைவுக்கு எதிர்வினை காட்டுகின்றன என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் நொடிக் கணக்கில் மூச்சைத் திருத்தும் வேலையில் அவை கரோட்டிட் சிற்றுறுப்பின் இடத்தை நிரப்பவில்லை என்பதற்கு இந்த நோயாளிகளே சாட்சி.

அடுத்து, அந்த உறுப்பு எதை உணர்கிறது? ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் மொத்த அளவையா, அழுத்தத்தையா? ரத்தசோகை உள்ளவரின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்திருக்கலாம். சுமக்கும் ஆக்சிஜனும் பாதிதான். ஆனாலும் அவர் ஓய்வில் வேகமாக மூச்சு வாங்குவதில்லை. மூடிய அறையில் கரி அடுப்பின் கார்பன் மோனாக்சைடை சுவாசிப்பவர் தூக்கத்திலேயே இறந்துபோகிறார். மூச்சு அவரை எழுப்புவதில்லை. இரண்டு நிலைகளிலும் ரத்தத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனின் அழுத்தம் இயல்பாகவே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு கரோட்டிட் சிற்றுறுப்பைத் தூண்டுவதில்லை என்று 1938-இல் ஃபிலடெல்ஃபியாவில் கோம்ரோவும் ஷ்மிட்டும் காட்டியிருந்தார்கள். ஏன் என்பது 1954-இல் டி பர் டேலியும் கூட்டாளிகளும் பூனையின் சிற்றுறுப்பில் ரத்த ஓட்டத்தை அளந்தபோது விளங்கியது. இரண்டு மில்லிகிராம் எடையுள்ள அந்தத் துணுக்கில், 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 2,000 மில்லிலிட்டர் என்ற விகிதத்தில் ரத்தம் பாய்ந்தது. மூளைக்கே அந்தக் கணக்கில் 50 மில்லிலிட்டர்தான் கிடைக்கிறது. இவ்வளவு வெள்ளத்தில், கரைந்துள்ள ஆக்சிஜனே செல்களுக்குப் போதும். ஹீமோகுளோபின் சுமப்பதைத் தொட வேண்டியதில்லை. எனவே உறுப்பு அழுத்தத்தை மட்டும் பார்க்கிறது. வங்கத்தில் பிறந்து பென்சில்வேனியாவில் பணியாற்றிய சுகமய் லாஹிரி, மகாதமனி வளைவிலுள்ள உறவு உறுப்புகள் கார்பன் மோனாக்சைடுக்கும் ஓரளவு எதிர்வினை காட்டுகின்றன என்று 1981-இல் காட்டினார். மனிதனின் மூச்சைப் பொறுத்தவரை அவற்றின் பங்கு சிறியது.

இவ்வளவு ரத்தம் பாயும் இடத்தில் செல் எப்படித் தவிக்கும், என் வாதம் இங்கேயே உடைந்துவிடாதா என்று கேட்பவர் சரியான இடத்தில் கைவைக்கிறார். சயனைடு இதற்கு விடையின் நுனியைக் காட்டியது. 1930-களின் தொடக்கத்திலேயே ஹேமன்ஸ் குழுவினர் மிகச் சிறிய அளவு சயனைடை கரோட்டிட் ரத்தத்தில் செலுத்தி மூச்சு பாய்ந்து வேகமெடுப்பதைக் கண்டிருந்தார்கள். சயனைடு ரத்தத்தின் ஆக்சிஜனைக் குறைப்பதில்லை. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியான சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ் நொதியைத்தான் முடக்குகிறது. ஆக்சிஜன் ஏராளமாக இருந்தும் பயன்படுத்த முடியாத நிலையில் உறுப்பு 'ஆக்சிஜன் இல்லை' என்றே அறிவிக்கிறது. அப்படியானால் அது அளப்பது ரத்தத்தை நேரடியாக அல்ல, தன் சொந்த மைட்டோகாண்ட்ரியாவின் நிலையை. ஆனால் ஒரு பெரிய தடை இருந்தது. தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 95 மி.மீ. பாதரசம். அது 60-க்குக் கீழே இறங்கும்போதே சிற்றுறுப்பின் நரம்பு செங்குத்தாக வேகமெடுக்கிறது. அந்த நேரத்தில் ஹீமோகுளோபின் இன்னும் 90 சதவீதம் நிரம்பியிருக்கிறது. மற்ற செல்களின் மைட்டோகாண்ட்ரியாவோ அழுத்தம் ஒன்றிரண்டு மி.மீ. அளவுக்கு விழும்வரை குறையில்லாமல் வேலை செய்யும். அவ்வளவு முன்னதாக ஒரு மைட்டோகாண்ட்ரியா தள்ளாடுமா? மில்ஸ், ஜோப்ஸிஸ் இருவரும் 1970-களின் தொடக்கத்தில், பூனையின் சிற்றுறுப்பில் ஆக்சிஜனைத் தளர்வாகவே பற்றும் ஒரு சைட்டோகுரோம் இருப்பதாகச் சொன்னார்கள். பலர் நம்பவில்லை. 1992-இல் லண்டனில் டூஷனும் பிஸ்கோவும் முயலின் உணர்வுச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, மைட்டோகாண்ட்ரியா தள்ளாடும்போது அதில் சேரும் என்ஏடிஹெச் மூலக்கூறு புற ஊதாக் கதிரில் ஒளிர்வதை அளந்தார்கள். ஆக்சிஜன் 60 மி.மீ. அளவை நெருங்கும்போதே அந்த ஒளி ஏறத் தொடங்கியது. ஒப்பிட்டுப் பார்த்த நரம்பு செல்களில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட அற்றுப்போகும்வரை அசைவில்லை. இதே பிஸ்கோதான் 1971-இல் இந்தச் செல்கள் உணர்விகளே அல்ல, நரம்பு முனைகளே ஆக்சிஜனை உணர்கின்றன என்று டி காஸ்ட்ரோவுக்கு எதிராக வாதாடியவர். சான்று திரும்பியபோது தானும் திரும்பி, அந்தச் செல்லையே எடுத்து ஆராய்ந்த அவரது நேர்மை பாராட்டத் தக்கது.

இதற்கிடையே வலுவான போட்டிக் கொள்கை ஒன்று வந்துவிட்டது. 1988-இல் ஸ்பெயினில் லோபஸ்-பார்னியோவும் கூட்டாளிகளும், ஒற்றைச் செல்லின் மேல் நுண்ணிய கண்ணாடிக் குழாயை ஒட்டவைத்து அதன் சவ்வில் ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். ஆக்சிஜனைக் குறைத்ததும் பொட்டாசியம் வெளியேறும் ஓட்டம் குறைந்தது. பொட்டாசியம் வாயில்கள் மூடினால் செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, செல் தன்னிடம் சேர்த்துவைத்துள்ள ஏடிபி போன்ற வேதித் தூதுகளைக் கொட்டுகிறது, நரம்பு முனை அதைப் பெற்று மூளைக்கு அனுப்புகிறது. அழகான கண்டுபிடிப்பு, உருண்டைச் செல்தான் உணர்வி என்ற டி காஸ்ட்ரோவின் கருத்தை உறுதிசெய்ததும் இதுதான். ஆனால் சவ்வே ஆக்சிஜனை உணர்ந்துவிடுகிறது, மைட்டோகாண்ட்ரியா தேவையில்லை என்று சிலர் இதிலிருந்து முடிவுகட்டினார்கள். அந்த முடிவைத் திருத்தியதும் அதே லோபஸ்-பார்னியோவின் செவில் ஆய்வகம்தான். 2015-இல் அவர்கள் எலிகளில் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் தொகுதிக்கு இன்றியமையாத ஒரு மரபணுவை நீக்கினார்கள். அந்தச் செல்கள் கார்பன் டை ஆக்சைடுக்கும், சர்க்கரைக் குறைவுக்கும் வழக்கம்போல் எதிர்வினை காட்டின. வாயில்கள் இருந்தன, கால்சியம் பாயும் வழி இருந்தது, நரம்பும் இருந்தது. ஆக்சிஜன் குறைவை மட்டும் அவற்றால் அறிய முடியவில்லை. வாயில் செய்தியைக் கொண்டுசெல்லும் வழி, செய்தி பிறக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியவில்லை. அதே 2015-இல், லாக்டேட்டை உணரும் ஒரு மணம் அறியும் ஏற்பியே இந்த வேலையைச் செய்கிறது என்று கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அந்த ஏற்பி இல்லாத எலிகளின் செல்களும் ஆக்சிஜன் குறைவை உணர்வதாக செவில் குழு 2018-இல் காட்டியது.

கடைசியாக ஒரு மறுப்பு, 2020-க்குப் பிறகு எல்லோர் மனத்திலும் இருப்பது. கொரோனா நாட்களில் விரல் நுனியில் மாட்டிய கருவி 80 என்று காட்டும்போதும் நோயாளி திணறாமல் செல்பேசியில் பேசிக்கொண்டிருந்ததை ஊரெங்கும் மருத்துவர்கள் பார்த்தார்கள். இவ்வளவு கூர்மையான உணர்வி இருந்தால் இது எப்படி நடந்தது? சிற்றுறுப்பின் வேலை மூச்சை வேகப்படுத்துவது. திணறல் என்ற உணர்வைப் பெரும்பாலும் எழுப்புவதோ கார்பன் டை ஆக்சைடும், மூச்சிழுக்கும் தசைகளின் சிரமமும். சிற்றுறுப்பின் தூண்டலால் மூச்சு சற்று வேகமானதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் குறைகிறது. குறைந்ததும் முகுளம் மூச்சுக்குக் கடிவாளம் போடுகிறது. இரண்டு தூண்டல்களும் எதிரெதிரே இழுப்பதால் மூச்சு மிதமாகவே கூடுகிறது, நோயாளிக்கு ஆபத்து தெரிவதில்லை. ஸெனித் கூடைக்குள் நடந்ததிலும் இதற்குப் பங்குண்டு. மெல்லிய காற்றில் வேகமாக மூச்சு விட்ட அந்த மூவரின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைந்திருக்கும். உணர்வி தன் வேலையைச் செய்தது. ஆனால் அது ஆளிடம் நேராகப் பேசுவதில்லை, மூச்சோடு மட்டும்தான் பேசுகிறது.

உணர்வுச் செல்லின் மைட்டோகாண்ட்ரியா ஏன் மற்றவற்றைவிட முன்னதாகத் தள்ளாடுகிறது? 2020-இல் செவில் குழு இதற்கும் ஒரு விடை தந்தது. சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ் நொதியின் துணைப் புரதங்களில் ஒன்று இந்தச் செல்களில் அரிதான மாற்று வடிவில் மிகுந்து இருக்கிறது. அதற்கான மரபணுவை எலியில் நீக்கினால் ஆக்சிஜன் உணர்வு மங்குகிறது. அந்த மாற்று வடிவத்தை மிகுதியாகச் செய்யவைப்பது எச்ஐஎஃப்-2 ஆல்ஃபா என்ற புரதம். அந்தக் குடும்பத்துப் புரதங்களை வைத்துத்தான் சிறுநீரகமும் ஆக்சிஜன் குறைவைக் கண்டு, மணிக் கணக்கில், நாள் கணக்கில், ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்கிறது. பெரு நாட்டில் 4,300 மீட்டருக்கு மேலே உள்ள செர்ரோ டி பாஸ்கோவில் வாழ்ந்து இறந்தவர்களின் கரோட்டிட் சிற்றுறுப்பு கடற்கரைவாசிகளுடையதைவிடப் பெரிதாக இருப்பதை ஆரியாஸ்-ஸ்டெல்லா 1969-இல் காட்டினார். அந்த வளர்ச்சிக்குப் பின்னாலும் இதே புரதம் இருக்கிறது. நொடியில் உணரும் செல்லை உணரத் தகுந்ததாக ஆக்கிவைப்பதே மெதுவாக உணரும் அந்த இரண்டாவது ஏற்பாடுதான். செமென்ஸா, ராட்கிளிஃப், கெய்லின் மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது அதைக் கண்டறிந்ததற்காக. சிறுநீரகத்தில் தொடங்கும் அந்தத் தேடலை அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.